யாருக்கு ஓட்டு? அதற்கு முன் ஒரு கேள்வி!

(எலெக்ட்ரிகல் இரண்டாம் ஆண்டு மாணவன்)



பதினெட்டு வயது ஆனதும் நமக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, லைசென்ஸ் எடுக்கும் உரிமை. இன்னொன்று, ஓட்டுப் போடும் உரிமை. முதலாவதற்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு எந்தப் பரீட்சையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி நாம் படிப்பதும் இல்லை!

என் வாக்காளர் அட்டை தபாலில் வந்த அன்று எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை. அப்பாயி அந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படத்துல களவாணி மாதிரி இருக்கேடா" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "மொத ஓட்டு. பெரியவரு சொல்ற பக்கம்தான் போடணும். அவரு இல்லேன்னா நீ காலேஜ் வாசப்படி மிதிச்சிருப்பியா?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. முதல் வருடக் கட்டணத்தில் பாதியைக் கொடுத்தவர் அந்தப் பெரியவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்று, பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பதில் பேச வாய் வரவில்லை.

அதே வாரம் இலங்கை நுவரெலியாவிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அப்பாயியின் தங்கச்சி பேத்தி. "தம்பி, ஒனக்கும் ஓட்டு வந்திருச்சாமே! ஒங்க நாட்டு ஜனாதிபதிக்கு யாருக்குப் போடப் போற?" என்று கேட்டார். "எங்க நாட்டுல ஜனாதிபதிக்கு நாங்க போடறதில்லக்கா" என்றேன். "அப்ப யாரு போடுறது?" என்றார். சரியாகச் சொல்லத் தெரியவில்லை! வெட்கமாகப் போய்விட்டது. நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா போட்ட ஓட்டு

இலங்கையில் 1982 முதல் ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள். அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச, ரணில் விக்கிரமசிங்க ஆகிய மூவரும் முக்கியமானவர்கள். அக்காவுக்கு அது முதல் ஓட்டு.

அங்கே சீட்டில் ஒருவருக்கு 1 என்று போட்டுவிட்டு, விரும்பினால் வேறு இருவருக்கு 2, 3 என்றும் போடலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால், முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிடுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அந்த இருவருக்கு அடுத்த விருப்பம் இருக்கிறதா என்று பார்த்து அதையும் சேர்ப்பார்கள். 2024-ல்தான் முதன்முறையாக இந்த இரண்டாவது எண்ணிக்கை வரை போனது. அநுர குமார திசாநாயக்க வென்றார்.

மலையகத் தோட்டங்களில் அந்த வருடம் பெரிய பேச்சு 1,700 ரூபாய் தினச் சம்பளம். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலை ஆதரித்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தை ஆதரித்தது. அக்கா வீட்டிலேயே ஆளுக்கொரு பக்கம் நின்றார்களாம். "நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "மூணு பேரும் சொன்னதை ஒரு தாள்ல எழுதி வச்சு, எங்க தோட்டத்துக்கு எது நடக்கும்னு பார்த்தேன். பார்த்துட்டுப் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். இந்த வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது.

நம் ஜனாதிபதிக்கு யார் ஓட்டு?

பவர்ஹவுஸிலிருந்து நம் வீட்டுக்கு யாரும் நேராக வயர் இழுப்பதில்லை. சப்ஸ்டேஷன், டிரான்ஸ்பார்மர் என்று பல படிகளைத் தாண்டித்தான் மின்சாரம் மீட்டருக்கு வருகிறது. நம் ஓட்டும் அப்படித்தான், டெல்லிக்குப் படிப்படியாகப் போகிறது.

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும்தான். நியமன உறுப்பினர்களுக்கு அந்த ஓட்டு இல்லை. இதில் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. இதை 234 சட்டமன்ற உறுப்பினர்களால் வகுத்து, வந்ததை மறுபடி 1,000 ஆல் வகுத்தால் 176 வரும். அதுதான் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய ஓட்டின் மதிப்பு. உத்தரப் பிரதேசத்தில் இது 208. நாடாளுமன்ற உறுப்பினரின் ஓட்டு மதிப்பு 2022 தேர்தலில் 700. அந்தத் தேர்தலில் திரௌபதி முர்மு 6,76,803 மதிப்பும், யஷ்வந்த் சின்ஹா 3,80,177 மதிப்பும் பெற்றார்கள்.

ஒரு சுவையான செய்தி! இங்கேயும் 1, 2 என்று விருப்பம் எழுதும் முறைதான். 1969-ல் வி.வி. கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றது இரண்டாவது விருப்ப ஓட்டுகளையும் எண்ணிய பிறகுதான். அக்கா நாட்டில் 2024-ல் நடந்தது நம் நாட்டில் 55 வருடம் முன்பே நடந்திருக்கிறது.

அப்படியென்றால் ஜனாதிபதி தேர்தலில் நமக்குப் பங்கே இல்லையா? உண்டு. பழனித் தொகுதியில் நாம் தேர்ந்தெடுப்பவர் கையில் 176-ம், திண்டுக்கல் தொகுதியில் நாம் அனுப்புபவர் கையில் அவருடைய மதிப்பும் இருக்கிறது. அந்த எண்கள் நம் ஓட்டிலிருந்து பிறந்தவை.

அப்பாயிக்கு இல்லாத ஓட்டு

இதையெல்லாம் நான் வாசித்துச் சொன்னபோது அப்பாயி, "எனக்குப் பதினெட்டு வயசுல எந்த நாட்டு ஓட்டும் இல்லடா" என்றார்.

அவர் பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், 1952-ல். அவருடைய அப்பா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. மறு வருடமே, 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். 1949-ல் ஓட்டும் போனது. ஓட்டு இல்லாதவர்களிடம் யார் வந்து குறை கேட்பார்கள்?

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாக்கி இல்லாமல் வகுத்துவிட்டார்கள்! அப்பாயி அந்த 5,25,000-ல் ஒருவர். அவர் தங்கச்சி அங்கேயே நின்றவர். அந்தத் தங்கச்சிக்குக் குடியுரிமை உறுதியானது 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்குப் பிறகுதான்.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கொடைக்கானல் மலையில் வாட்டில் மரம் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பாயி முதல் ஓட்டுப் போட்டது 1977-ல், 25 வயதில். "காண்ட்ராக்டர் லாரியில ஏத்திட்டுப் போனாரு. சின்னத்தைக் காட்டி இதுல குத்துன்னாரு. அவருகிட்ட முன்பணம் வாங்கியிருந்தோம். குத்தினேன். யாரு நின்னாங்கன்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

நண்பர்களே, அப்பாயி இழந்தது இரண்டு முறை. முதல்முறை, ஓட்டே இல்லை. இரண்டாம்முறை, ஓட்டு இருந்தது. முடிவு அவருடையதாக இல்லை.

எந்த நாற்காலிக்கு?

இப்போது நமக்கு வருவோம். டீக்கடையில் நாம் பேசுவதெல்லாம் பெரிய தலைவர்களைப் பற்றி. ஆனால் 2024 ஏப்ரல் 19 அன்று திண்டுக்கல் தொகுதி இயந்திரத்தில் பிரதமர் ஆக விரும்பிய எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. அங்கே இருந்தவர்கள் இந்தத் தொகுதியின் வேட்பாளர்கள். ஆகவே "யாருக்கு?" என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நாற்காலிக்கு?" என்பதே.

குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை: இவை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி வேலை. பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காட்டுமாடு தோட்டத்தை அழித்தால் இழப்பீடு: இவை மாநில அரசு, அதற்குச் சட்டமன்றத் தேர்தல். மேல்மலைக்கும் கீழே பழனி நகரத்துக்கும் ஒரே சட்டமன்ற உறுப்பினர் என்பதை மறக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2006 வன உரிமைச் சட்டம்: இவை நாடாளுமன்றம் போட்டவை. சிலது ஓட்டுக்கே சம்பந்தமில்லாதது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வந்த இ-பாஸ் முறைக்கு எங்கள் ஊரில் சட்டமன்ற உறுப்பினரைத் திட்டினார்கள். உத்தரவு போட்டதோ சென்னை உயர் நீதிமன்றம்!

பியூஸ் போனால் பியூஸைப் பார்க்க வேண்டும். பல்பை மாற்றி என்ன பயன்?

யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நமக்கு அக்காவின் தாளைவிட நல்ல தாள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். சொத்து, கடன், படிப்பு, வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்தது இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் செல்போனிலேயே படிக்கலாம். சினிமா டீசரை நாலு முறை பார்க்கிற நாம், இதை ஒரு முறை படிக்கக் கூடாதா? பதவியில் இருந்தவர் மறுபடி நின்றால், அவர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ நம் ஊர் விஷயம் எதையாவது பேசினாரா என்றும் பார்க்கலாம்.

யாரையும் பிடிக்கவில்லை என்றால், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா இருக்கிறது. ஆனால் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

நன்றி வேறு, ஓட்டு வேறு

கடைசியாக, அப்பா சொன்ன விஷயம். எனக்கு இதுதான் கஷ்டமான பாடம்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஒரு வருடம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பணப் பட்டுவாடா காரணமாகவே 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தல் ரத்தானது. வேலூர்த் தேர்தலை ரத்து செய்தவர் ஜனாதிபதி, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில்.

ஆனால் எங்கள் பெரியவர் கொடுத்தது கவரில் வைத்த பணம் இல்லை. கஷ்டத்தில் செய்த உதவி. அதை மறந்தால் நான் மனுஷனே இல்லை. பல நாள் யோசித்தேன். அந்தக் கடனை நான் சம்பாதித்துத் திருப்புவேன். அவர் வீட்டில் வயரிங் கெட்டால் கூலி வாங்காமல் செய்து தருவேன். அவர் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் முன்னால் நிற்பேன். இவையெல்லாம் என்னுடையவை, நான் கொடுக்கலாம். ஓட்டு மட்டும் அப்படி இல்லை. நான் தேர்ந்தெடுக்கும் ஆள் எனக்கு மட்டுமா உறுப்பினர்? பஸ் இல்லாமல் நடக்கிற பிள்ளைகளுக்கும் அவர்தான். அவர்களுக்கும் சேர்த்துப் போடுவதை வைத்து என் சொந்தக் கடனை எப்படி அடைப்பது? அன்று காண்ட்ராக்டரின் முன்பணம். இன்று என் படிப்புக் கட்டணம். பெயர்தான் வேறு.

அப்பாவிடம் இதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. இந்த மலரைக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். ஆனால் சட்டம் எனக்கு ஒரு துணை தந்திருக்கிறது. யாருக்குப் போட்டாய் என்று சொல்லும்படி என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாம் பொத்தானை அழுத்தியதும் ஒரு சீட்டு ஏழு வினாடி கண்ணாடிக்குள் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்துவிடும். அந்த ஏழு வினாடியும் நமக்கு மட்டுமே சொந்தம்.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, நத்தம் பக்கம் மலையூருக்கு 2021-ல் ஓட்டு இயந்திரத்தைக் குதிரை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சின்ன ஊரின் ஓட்டுக்காக அரசாங்கமே மலை ஏறுகிறது! நாம் படிவம் 6-ஐ நிரப்பச் சோம்பல் படலாமா? 1989 மார்ச் 28 முதல், 61-வது அரசியல் சட்டத் திருத்தத்தால், 21 வயது 18 ஆனது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். விடுதியில் இன்னும் பெயர் சேர்க்காதவர்கள் என்னிடம் வாருங்கள், சேர்ந்தே நிரப்புவோம்.

அடுத்த தேர்தலுக்கு அப்பாயியை நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போகப் போகிறேன். இப்போதே சொல்லி வைத்துவிட்டார்: "நீ யாருக்குப் போட்டேன்னு எனக்கும் சொல்லாதே. நானும் ஒனக்குச் சொல்ல மாட்டேன்."

சிந்திப்போம்! பிறகு வாக்களிப்போம்!
வாழ்க மாணவர் ஒற்றுமை!