பொன்முதுகுத் தச்சன்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு, சுற்றிலும் கேட்கும் மொழி புதிது, உண்ணும் உணவு புதிது, குளிரும் புதிது. ஆயினும், இளமையில் நம் ஊர்த் தோப்பிலே கண்ட ஒரு பறவை, தில்லியின் ரிட்ஜ் காட்டிலும் அதே கோலத்தோடு நம்மை எதிர்கொள்கிறது. அதுவே பொன்முதுகு மரங்கொத்தி.

மரங்கொத்தி என்று நாம் அழைப்பதை, மரத்தைப் பிளப்பது என்னும் பொருளில் இந்தியில் 'கட்போட்வா' என்கின்றனர். மராத்தியர் இடும் பெயர் 'சுதார் பட்சி', அதாவது தச்சுப் பறவை. மொழிகள் வேறாயினும் பெயரிட்டவர் யாவரும் அதன் தொழிலையே கண்டனர்.

மைனாவைவிடச் சற்றுப் பெரிய இப்பறவையின் நீளம் 26 முதல் 29 சென்டிமீட்டர் வரை. முதுகு உருக்கிய பொன், வாலும் பிட்டமும் கருமை, உச்சியிலே செங்கொண்டை. ஆணுக்கு நெற்றி முதல் உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கோ நெற்றி கறுத்து, வெண்புள்ளிகள் தெளித்திருக்கும். பின்புறக் கொண்டை மட்டுமே சிவக்கும். உரத்த சிரிப்புப் போன்ற குரலை எழுப்பிக்கொண்டு, அலைபோல் ஏறியும் இறங்கியும் பறந்து செல்லும்.

தச்சனுக்கு உளியும் சுத்தியலும் போல, இதற்கும் கருவிகள் உண்டு. கூரிய நகங்கள் மரப்பட்டையைப் பற்ற, விறைத்த வால் இறகுகள் பின்னின்று தாங்குகின்றன. இரு கால்களும் வாலுமாக அது மரத்தில் முக்காலி போல நிற்கிறது. நாவோ மிக நீண்டது. அதைத் தாங்கும் எலும்புகள் மண்டையைச் சுற்றி வளைந்து செல்கின்றன. ஒட்டும் உமிழ்நீர் பூசிய அந்நாவைத் துளைக்குள் நீட்டிப் புழுக்களை வெளியே இழுக்கிறது.

இத்தனை வேகமாக மோதியும் மூளை கலங்காதது எவ்வாறு? மண்டை எலும்பு மெத்தைபோல அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்றே நெடுநாள் எழுதிவந்தனர். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இதை மறுத்தது. வேறு மூவகை மரங்கொத்திகளை அதிவேகப் படக்கருவியால் படமெடுத்துப் பார்த்தபோது, தலை முழுவதும் விறைப்பான சுத்தியலாகவே இயங்குவது புலனாயிற்று. பஞ்சு சுற்றிய சுத்தியலால் ஆணி அடிக்க முடியுமா? மூளை மிகச் சிறியதாக இருப்பதே அதற்குக் காவல்.

மரங்கொத்தி மரத்தை அழிக்கிறது என்பது பலரது எண்ணம். அது தேடுவது எறும்புகளையும், வண்டுகளையும், பட்டைக்கடியில் மறைந்து மரத்தைக் குடையும் புழுக்களையும். புழு உள்ள இடத்தையே அது கொத்துகிறது. நோய்க்குக் காரணம் மருத்துவன் ஆக மாட்டான் அல்லவா?

கூடு அமைப்பதற்கும் அது பெரும்பாலும் உளுத்த அடிமரத்தையே நாடுகிறது. வாயில் சிறிது தூரம் நேராகச் சென்று, பிறகு கீழ்நோக்கி இறங்கி அறையாக விரிகிறது. உள்ளே புல்லோ பஞ்சோ கிடையாது. அங்கே பெரும்பாலும் மூன்று வெண்மையான முட்டைகள் இடப்படும். ஏறத்தாழ 11 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மேலும் மூன்று வாரங்களில் பறக்கத் தொடங்கும்.

குடும்பம் வெளியேறிய பின் அவ்வீடு வீணாவதில்லை. மைனா வரும்; கிளி வரும்; புள்ளி ஆந்தையும் வரும். சொந்தமாக மரத்தைக் குடைய இயலாத இவற்றுக்கெல்லாம் மரங்கொத்தியே வீடு கட்டித் தருகிறது.

நாம் வாழும் குடியிருப்பின் ஓரத்தில் பட்டுப்போன வேப்பமரம் ஒன்று நின்றது. ஒரு கோடையில் மரங்கொத்தி இணையும், மறு ஆண்டு மைனாக்களும் அதில் குஞ்சு பொரித்தன. மூன்றாம் ஆண்டு, பார்வைக்கு அழகில்லை என்று அம்மரத்தை வெட்டிவிட்டனர். அது எந்தக் கூரைக்கும் பாதைக்கும் அருகில் இல்லை. விறகாகச் சில நாள் எரிந்தது, அவ்வளவே பயன். நாமும் அன்று எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் காக்கிறது. ஆனால் வீட்டைப் பறித்துவிட்டு, வீட்டுக்காரனை மட்டும் காப்பது எங்ஙனம்? வீட்டின்மேலோ வழிப்போக்கர்மேலோ விழக்கூடிய மரத்தை அகற்றுவது கடமை. ஒருவருக்கும் இடையூறின்றி நிற்கும் பட்டமரத்தை விட்டுவைப்பதும் கடமையே. கோடரி வருமுன் அம்மரத்தில் பொந்து உண்டா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். நம்மைப் போலவே அங்கும் சிலர் குடியிருக்கக்கூடும்.