இன்னொரு முறை சுற்றி வரலாம்

சிறிய விமானம் ஒன்று ஓடுபாதையின் முடிவைத் தாண்டி வேலியில் மோதியது என்று செய்தி வந்தால், பிரேக் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பல விபத்துகளில், விமானம் இன்னும் ஆகாயத்தில் இருக்கும்போதே பிழை தொடங்கிவிடுகிறது.

கணக்கு எளிதுதான். வேகம் 10 சதவீதம் கூடினால், நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடும். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்தின் கையேடு, பின்னாலிருந்து வீசும் காற்றின் ஒவ்வொரு 2 நாட் வேகத்துக்கும் தரையிறங்கும் தூரத்தில் 10 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. காய்ந்த புல்தரையானால், தரையில் ஓடும் தூரம் 45 சதவீதம் கூடும். வேகம் மிஞ்சிய விமானம் சக்கரம் பதியாமல் பாதையின் மேலேயே மிதந்துகொண்டு போகும். வினாடிக்குச் சுமார் 30 மீட்டர் வீணாகும்.

இதற்கு மருந்து உண்டு. முழு விசை கொடுத்து மறுபடி எழும்பி, சுற்றி வந்து இறங்குவது. ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். சில நிமிடங்களும் கொஞ்சம் எரிபொருளும்தான் செலவு. பாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் பதியாவிட்டால் எழும்பிவிடு என்று பல பயிற்சியாளர்கள் கற்பிக்கிறார்கள்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? அப்பெண்டிசைட்டிஸ் போல, விமானிகள் இதற்கு ‘கெட்-ஹோம்-ஐட்டிஸ்’ என்று வேடிக்கையாக ஒரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள். எப்படியாவது வீடு போய்ச் சேரவேண்டும் என்ற வியாதி. தாதியரான எங்களுக்கு அந்தப் பெயர் மிகவும் பொருத்தமாகவே படுகிறது. நோயாளிக்குக் கடைசிவரை அறிகுறி தெரியாது.

பிந்தி வரும் தீர்மானமும் ஆபத்தானது. 2008 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஒவடோனா என்ற ஊரில் ஒரு சிறிய ஜெட் இறங்கியது. நனைந்த பாதை, பின்காற்று. சக்கரம் பதிந்து வெகுதூரம் ஓடியபின் விமானி மறுபடி எழும்ப முயன்றார். மீதிப் பாதை போதவில்லை. இருந்த 8 பேரும் மரித்தார்கள். பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால், பாதையைத் தாண்டினாலும் அதற்கு அப்பாலுள்ள பாதுகாப்புத் தரையிலேயே விமானம் நின்றிருக்கும் என்று விசாரணை கண்டது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் மனிதனைப்பற்றி நம் ஆண்டவர் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. அந்தக் கணக்கை ஓடுபாதையில் ஓடிக்கொண்டே பார்க்க முடியாது.

பப்புவா நியூகினி மலைகளில் எம்.ஏ.எஃப். ஊழிய விமானிகள் இறங்கும் சில பாதைகள் மலைச்சரிவில் மேல்நோக்கி ஏறுபவை; எதிரே மலை. ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடந்தால் திரும்ப வழியில்லை, இறங்கியே ஆகவேண்டும். ஆகவே காற்று, வேகம், உயரம் எல்லாம் அதற்கு முன்பே சரியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் நோயாளி காத்திருந்தாலும் விலகிப் போய்விடுவார்கள்.

வாலிபரே, உங்களில் சிலர் ஊழியப் பயணங்களில் இப்படிப்பட்ட விமானங்களில் ஏறக்கூடும். விமானியின் தோளில் நம்முடைய அவசரமும் ஏறிக்கொள்கிறது. “தாமதமானாலும் பரவாயில்லை, அண்ணா” என்று புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள். அவர் பாதி இறங்கி மறுபடி எழும்பினால் முறுமுறுக்க வேண்டாம். அழைத்துப்போக வருகிறவர்களிடமும் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லி வையுங்கள்.