கதை தெரியாத கருவி

'ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1991ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'டார்மோக்' அத்தியாயத்தைப் பற்றி இரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதில் வரும் தமாரியர் என்னும் வேற்றுக்கோளினர், தம் பழங்கதைகளைச் சுட்டியே பேசுவர். டார்மோக்கும் ஜலாதும் தனாக்ராவில் சேர்ந்து போரிட்டதைச் சொன்னால், 'ஒன்றுபடுவோம்' என்று பொருள். மொழிபெயர்ப்புக் கருவிக்குச் சொல் புரிகிறது, கதை தெரியவில்லை.

"அப்படியானால் குழந்தைக்கு முதல் கதையை எந்த மொழியில் சொல்வார்கள்?" இதுவே இரசிகர்களின் ஓயாத கேள்வி. கப்பல் தலைவர் பிக்கார்ட் அங்கே கில்கமேஷ் கதையைச் சொல்வதும் தற்செயலன்று. மோதிய இருவர் நண்பரான கதை அது.

எனக்கோ எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. பாட்டி 'கும்பகர்ணன்' என்றால் எனக்குப் புரியும். தம்பிக்கு விளக்க வேண்டியிருக்கிறது. சொல்லை வைத்துக்கொண்டு கதையை மறந்தால், நாமும் அந்தக் கருவிதான்.