கவிதைக்கு விலை என்ன?

சரவணம்பட்டிக்குச் சென்றிருந்தோம். பொதுக்கூட்டமில்லை, கொடியேற்றமில்லை, கவிஞர் சிலரைக் கண்டு பேசச் சென்றோம்.

கவிஞரைக் காணச் சரவணம்பட்டிக்கா, அங்கே கண்ணாடி மாளிகைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அல்லவா இருக்கின்றன என்று கேட்பீர்கள். ஆம், தோழர்களே! 2011-ல் கோவை மாநகராட்சியோடு இணையும்வரை தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர் அது. இன்று சத்தி சாலையின் இருமருங்கிலும் மாடிமேல் மாடி. எனினும், அந்த மாடிகளின் நிழலிலே தேநீர்க்கடை உண்டு. கடையிருந்தால் பெஞ்சு உண்டு. பெஞ்சிருந்தால் பேச்சுண்டு, பாட்டுண்டு. இது நாம் அறியாத நாடா?

அங்கே மூவர் காத்திருந்தனர். எழுபதைக் கடந்த பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர். லேத் பட்டறைத் தோழர் ஒருவர். கம்பெனியில் இரவு ஷிப்டு பார்க்கும் தங்கை ஒருவர். மூவரும் கவிஞர்.

"ஐயா, தங்களை எழுதத் தூண்டியது எது?" என்று பெரியவரைக் கேட்டோம்.

"வானம்பாடிதானுங்க. மில்லுல சேர்ந்த புதுசு. காசு வாங்காத மடலுங்க அது. ஒருத்தர் படிச்சா அடுத்தவர் கைக்குப் போயிரும். கவிதைன்னா புலவருக்குத்தான்ங்கற பயம் அன்னைக்கே போச்சுங்க."

பயம் போயிற்று! ஒரு பத்திரிகைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

1971-ல் கோவையிலே பிறந்தது 'வானம்பாடி'. விலையிலாக் கவிமடல் என்று தன்னை அழைத்துக்கொண்டது. புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், மு. மேத்தா, அக்கினிபுத்திரன், கங்கைகொண்டான் என்று ஓர் அணியே திரண்டது. தமிழாசிரியர் பலர் அதில் இருந்தனர். யாப்பை முறையாகக் கற்றவர்களே யாப்பின் தளையை அறுத்துப் புதுக்கவிதை பாடினர். 1973-ல் அவர்களுடைய கவிதைகள் 'வெளிச்சங்கள்' என்று தொகுதியாயின. மேத்தாவும் சிற்பியும் புவியரசும் பின்னாளில் சாகித்ய அகாதமி பரிசு பெற்றனர். 2022-ல் சிற்பிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவும் விலை வைக்காத மடலிலிருந்து கிளம்பியவை!

அவர்களெல்லாம் நம் அணியினர் அல்லர். பொதுவுடைமை நோக்குடையோர் பலர். ஆனால், உழைப்பவனைப் பாடியவரை உச்சிமேல் வைத்துப் போற்றுவதற்குக் கட்சிச் சீட்டா கேட்பது? "இது முழக்கம், கவிதையன்று" என்று அன்றே சிலர் முகம் சுளித்தனர். பஞ்சாலைச் சங்கொலிக்கு மேலே பேச வேண்டியவன் காதோடு காதாகவா பேசுவான்?

இதைச் சொல்லி நாம் பெருமிதத்தோடு நிமிர்ந்தபோது, பட்டறைத் தோழர் இடைமறித்தார்.

"முழங்கறது தப்பில்லீங்க. எதுக்கு முழங்கறோம்னு பாக்கோணுமில்லீங்களா? உங்க மேடைக் கவியரங்கத்துல எனக்கு நாலு நிமிசம் குடுத்தாங்க. பட்டறையில விரல் போன பையனைப் பத்தி எழுதிட்டு வந்திருந்தேன். தலைவரை வாழ்த்திப் பாடுன்னு சொல்லிட்டாங்க. அதை மடிச்சுச் சோப்புல வெச்சுட்டு, வாழ்த்திட்டு வந்துட்டேனுங்க."

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். நாம் தலைகுனிந்தோம்.

அரண்மனையில் அடைபட்டுக் கிடந்த கவிதையைச் சந்தைத் திடலுக்கு அழைத்து வந்தவர்கள் நாம் என்று மார்தட்டுகிறோமே! பாரதிதாசன் பரம்பரை என்கிறோமே! அரசனை வாழ்த்திப் பரிசில் வாங்கிய பழங்கதையைப் பழித்த நாமே, விரலிழந்த சிறுவனின் பாட்டைப் பையிலே மடித்துவைக்கச் செய்யலாமா? மேடைதான் மாறிற்று, முறை மாறவில்லை என்று மாற்றார் கேட்டால் என்ன மறுமொழி சொல்வோம்?

தங்கையிடம் திரும்பினோம். "செல்போன்லதான் எழுதறேன் அண்ணா. விடிஞ்சு ஹாஸ்டலுக்கு வந்தா எல்லாரும் வேலைக்குக் கிளம்பிடுவாங்க. எழுத இடமிருக்கு. கேக்கத்தான் ஆளில்லை."

அப்போது ஞானி நினைவுக்கு வந்தார். கண்ணொளி இழந்த பின்னும், பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் அவர்; சொல்லச் சொல்ல எழுதுவித்தவர். 2020-ல் மறையும்வரை கோவையின் இளம் எழுத்தாளர்களுக்குச் செவி கொடுத்தவர். கண் போன ஒருவர் காதால் ஓர் ஊரையே வளர்த்தார். கண்ணும் காதும் உள்ள நாம் என்ன செய்கிறோம்?

படிப்பகங்கள் நமக்கு உண்டு. அங்கே மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள், தோழர்களே! மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். வாழ்த்துப் பாவுக்கு அன்று விடுமுறை! பட்டறைத் தோழன் படிக்கட்டும், பகுதிச் செயலாளர் கேட்கட்டும். நல்லதை ஒரு தாளில் அச்சிட்டு, காசு வாங்காமல் ஷிப்டு விடும் நேரத்தில் வாசலிலே கொடுங்கள்.

விடைபெறுமுன், "அந்தத் தாளை எடுங்கள்" என்றோம். பட்டறைத் தோழர் தயங்கினார்; பிறகு பிரித்துப் படித்தார். பெரியவர் கண்மூடிக் கேட்டார். தங்கை ஷிப்டுக்கு நேரமானதை மறந்து நின்றார். கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

கவிதைக்கு விலை காசல்ல, தோழர்களே! காது! அதைக்கூடத் தராத கஞ்சர்களா நாம்?