கோபுரங்கள் காட்டும் வழித்தடம்

ஒரு நகரின் மக்கள் எங்கிருந்து எங்கு, எந்நேரத்தில் செல்கின்றனர் என்பதை அறியாமல் பேருந்துத் தடங்களை வகுக்க இயலாது. முன்பு இதற்காக வீடுவீடாகச் சென்று வினவினர். சாலையோரம் நின்று ஊர்திகளை எண்ணினர். பெரும்பொருளும் நெடுங்காலமும் வேண்டும் பணி அது. கணக்கெடுத்து முடிப்பதற்குள் நகரே மாறிவிடுவதும் உண்டு.

கைப்பேசி இங்கு எதிர்பாராத துணையாயிற்று. நாம் அழைக்கும்போதும் குறுஞ்செய்தி அனுப்பும்போதும், இணைப்பை ஏற்ற கோபுரத்தையும் நேரத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனம் கட்டணக் கணக்கிற்காகப் பதிவு செய்கிறது. பேசிய சொற்கள் அப்பதிவில் இடம்பெறுவதில்லை. ஆயினும் இரவில் ஒரு கோபுரம், பகலில் மற்றொரு கோபுரம் எனப் பல நாள் தொடரும் பதிவுகளைக் கொண்டு ஒருவர் வாழும் பகுதியையும் பணிபுரியும் பகுதியையும் ஊகித்துவிடலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் ஆரஞ்சு நிறுவனம், 50 இலட்சம் பயனாளர்களின் ஏறத்தாழ 250 கோடிப் பதிவுகளை அடையாளம் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. அவை 2011 டிசம்பர் முதல் 2012 ஏப்ரல் வரையிலானவை. அந்நாட்டின் பெருநகரமான அபிஜானில் பேருந்துகள் போதாமையால் சிற்றுந்துகளையும் பகிர்வு வாடகை ஊர்திகளையும் மக்கள் பெரிதும் நம்பியிருந்தனர். ஐ.பி.எம். ஆய்வாளர்கள் நகரப் பயணங்களுக்குரிய பதிவுகளைப் பிரித்தெடுத்து, 65 மாற்றங்களை ஒப்பிட்டனர். இரு புதிய தடங்களைச் சேர்த்து, இருக்கும் தடமொன்றை நீட்டித்தாலே பயண நேரம் 10 விழுக்காடு குறையும் எனக் கண்டனர். இது கணிப்பே, எனினும் ஒருவரிடமும் வினாத்தாள் நீட்டாமல் கிட்டிய கணிப்பு என்பதே வியப்பு.

இத்தரவு கூறாதனவும் உள. கோபுரங்கள் நெருங்கியிராத ஊர்ப்புறங்களில் இடக்குறிப்பு பல கிலோமீட்டர் பிழைபடலாம். கைப்பேசி இல்லாத முதியோரும் சிறுவரும் வறியோரும் கணக்கிலேயே வாரார். பேருந்தை மிகுதியும் நாடுவோர் அவர்களாகவே இருக்கக்கூடும்! ஆகவே பழைய கள ஆய்வை முற்றிலும் கைவிட இயலாது.

பெயரை நீக்கிவிட்டால் ஆளை அறிய முடியாது என்று எண்ணிவிடவும் கூடாது. 15 இலட்சம் பேரின் 15 மாதப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, இடமும் நேரமும் இணைந்த நான்கு குறிப்புகளே 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டப் போதும் எனக் கண்டது. எனவே தனியொருவரின் தடத்தை வெளியிடாமல், ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் காலை எட்டு மணியளவில் எத்தனை பேர் சென்றனர் என்னும் தொகையை மட்டும் அளிக்கலாம். மிகச் சிறிய தொகைகளை அதிலும் மறைத்துவிட வேண்டும். தடம் வகுப்போர்க்குத் தேவைப்படுவதும் அத்தொகையே.