மறைக்காத விசுவாசம்: மூஸ் கிராமம் சொல்லும் பாடம்

கார் நிக்கோபார் தீவின் வடமுனையில் மூஸ் என்றொரு கிராமம் உண்டு. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வாழ் தமிழர்களில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த மண்ணில் முதன்முதலில் நிலையாகத் தங்கி, பள்ளிக்கூடம் நடத்தி, கிறிஸ்துவின் பெயரை வெளிப்படையாகச் சொன்னவர் ஒரு தமிழர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நிக்கோபாருக்கும் தமிழகத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. அங்கே கோட்டை கட்டி ஆண்ட டேனியர்கள் நிக்கோபாரையும் தமது உடைமையாகக் கருதினார்கள். மொராவிய சபையைச் சேர்ந்த ஊழியர்கள் 1768இல் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டு நன்கௌரி தீவில் குடியேறினர். காய்ச்சல் அவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோயிற்று. தீவிலும், தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இருபது ஆண்டுகளுக்குள் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கல்லறைகள்தாம் மிஞ்சின.

தனியொரு தமிழர்

ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவர் வேதப்பன் சாலமோன். சென்னைப் பக்கத்திலிருந்து வந்த உபதேசியார். முதலில் போர்ட் பிளேரில் நிக்கோபார்ச் சிறுவர்களுக்கான இல்லத்தில் பணியாற்றினார். 1890களின் நடுப்பகுதியில் மூஸ் கிராமத்துக்கே சென்று குடியேறினார். அங்கே அவர் பள்ளி ஆசிரியர் மட்டுமல்ல. அரசாங்கத்தின் முகவரும் அவரே, மழையையும் காற்றையும் அளந்து குறித்து அனுப்பியவரும் அவரே.

அக்காலத்தில் நோயும் சாவும் வந்தால் தீய ஆவிகளே காரணம் என்று தீவு மக்கள் நம்பினார்கள். ஆவி பிடித்தவர் என்று ஊரார் முடிவு கட்டிய ஆளை இரவோடிரவாகக் கொன்றுவிடும் வழக்கமும் இருந்தது. இந்தக் கொலைகள் ஆங்கில அரசின் பதிவுகளிலேயே இடம் பெற்றுள்ளன. அப்படிப்பட்ட ஊரில், "நான் இந்த ஆவிகளுக்கு அஞ்சுவதில்லை, நான் வணங்குவது வேறு" என்று சொல்லி வாழ்வது சாமானியக் காரியம் அல்ல. காவலுக்குப் போலீஸ் இல்லை. அவசரமென்றால் ஏறிப்போகக் கப்பலும் இல்லை. சாலமோன் யாரையும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தமது ஜெபத்தை ஒளித்துச் செய்யவில்லை. அவ்வளவே.

ரிச்சர்ட்சன்

அந்தப் பள்ளிச் சூழலில் வளர்ந்து, பர்மாவில் மாண்டலே நகரிலிருந்த மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பட்ட நிக்கோபார்ச் சிறுவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். படித்து முடித்து ஊர் திரும்பி ஆசிரியரானார். பின்னர் குருப்பட்டம் பெற்றார். தீவுப் பிள்ளைகளுக்குக் கால்பந்தைக் கற்றுக்கொடுத்தவர் என்றும் அவரைச் சொல்வார்கள்.

அவரது விசுவாசத்துக்குப் பெருஞ்சோதனை வந்தது 1942இல். ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தது. கார் நிக்கோபாரில் விமானத்தளம் அமைக்க மக்கள் கட்டாய வேலைக்கு ஓட்டப்பட்டனர். ஆங்கிலம் படித்தவன், ஆங்கிலேயரின் கோவிலுக்குப் போகிறவன் என்றாலே ஒற்றன் என்ற சந்தேகம் விழுந்த காலம் அது. 1945 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், பகைவருக்குச் சைகை காட்டியதாகக் குற்றம் சாட்டி நிக்கோபார் மக்கள் பலரைச் சித்திரவதை செய்து கொன்றனர். இதற்காகப் பின்னர் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணையே நடந்தது. ரிச்சர்ட்சனுக்கும் மரணமே காத்திருந்தது. ஜப்பான் சரணடைந்ததால் உயிர் தப்பினார்.

போருக்கு முன் தீவில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினரே. போருக்குப் பின் கிராமம் கிராமமாக ஞானஸ்நானம் பெற்றனர். துன்ப நாளில் தம்மை விட்டு ஓடாத ஒரு மனிதரை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை அது செய்தது எனலாம். ரிச்சர்ட்சன் 1950இல் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார்; 1952இல் முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக அமர்ந்தார்; வேதாகமத்தைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். 1978இல் மறைந்தார்.

சான்றிதழும் சாட்சியும்

இன்று யாரும் வாளைக் காட்டி மிரட்டுவதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'மதம்' என்ற கட்டத்தின் முன் பேனா தயங்கி நிற்கிறது. காரணம் வெறும் கூச்சம் அல்ல. நிக்கோபார்ப் பழங்குடியினர் கிறிஸ்தவர்களான பிறகும் பழங்குடியினராகவே கருதப்படுகின்றனர். அவர்களது சலுகைக்கு மதம் தடையல்ல. ஆதிதிராவிடத் தமிழர் நிலை வேறு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரே தாழ்த்தப்பட்ட வகுப்புச் சான்றிதழ் பெற முடியும். கிறிஸ்தவர் என்று சொன்ன மறுநிமிடம் அது போய்விடும்.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர், வேலைக்காகத் தாம் இந்து என்று கூறிச் சான்றிதழ் கேட்டார். நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அந்தப் பெண்ணைக் கோழை என்று எளிதில் சொல்லிவிடலாமா? சேரியில் பிறந்தவனைச் சேரியான் என்று ஊர் அழைப்பது ஞானஸ்நானத்தால் நின்றுவிடுவதில்லை. இழிவு தொடர்கிறது, சலுகை மட்டும் நின்றுபோகிறது. பசித்த வயிற்றிடம் சாட்சி கேட்பவர்கள், தங்கள் சபையிலேயே சாதி பார்த்துப் பெண் எடுப்பதையும், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்புவதையும் முதலில் நிறுத்த வேண்டும். சட்டம் மாற வேண்டுமா என்பது நாடு தீர்மானிக்க வேண்டியது. சபை தன் வீட்டைச் சரிசெய்ய யாருடைய ஆணையும் தேவையில்லை.

அதே சமயம், இழக்க ஒன்றுமில்லாத இடத்திலும் நம்மில் பலர் மௌனம் சாதிக்கிறோம். அலுவலக நண்பர்கள் முன் சாப்பாட்டுக்கு முன் கண்மூடி நன்றி சொல்லக் கூசுகிறோம். ஞாயிறு காலை எங்கே போனாய் என்றால் "சும்மா வெளியே" என்கிறோம். ஒலிபெருக்கி வைத்து அயலாரின் தூக்கத்தைக் கெடுப்பதும் தைரியம் அல்ல. பிறர் தெய்வத்தைப் பழிப்பதும் தைரியம் அல்ல. கேட்டவருக்கு உள்ளதைச் சொல்லி, சொன்னபடி நடந்து, அதனால் வருவதை ஏற்றுக்கொள்வதே தைரியம். கோவிலுக்குப் போகிறவருக்கும் மசூதிக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரைச் சூறையாடியது. கடலோரக் கிராமங்கள் அழிந்தன. மக்கள் உள்நிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். ஆனாலும் சாலமோன் விதைத்ததும் ரிச்சர்ட்சன் காத்ததும் அலையோடு போகவில்லை.