இன்ஜின் கழுவும் வேதியியல்

பழைய புல்லட் ஒன்றை ஓவராலிங்குக்காகப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறையில் முதலில் மூக்கில் ஏறுவது பெட்ரோல் வாடை. டிரேயில் ஊற்றி, தேய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால், வெறுங்கையோடு பாகங்களைக் கழுவுவதுதான் நம் ஊர் வழக்கம். எண்ணெயும் பெட்ரோலும் ஒரே ஹைட்ரோகார்பன் குடும்பம் என்பதால் பிசுக்கு நொடியில் கரைந்துவிடும்.

சிக்கல் அதன் ஆவியில் இருக்கிறது. மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு பெட்ரோல் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு பரவி, பக்கத்தில் எரியும் ஸ்டவ் வரைக்கும் போய்ச் சேரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை இருக்கலாம். மண்ணெண்ணெய் எவ்வளவோ தேவலை. அதன் ஆவி பற்ற 35 டிகிரிக்கு மேலாவது சூடு வேண்டும். ஆனால் சித்திரை மதியத்தில், தகரக் கூரைக்கு அடியில், 35 டிகிரி என்ன பெரிய சூடா? நைட்ரைல் கையுறையும் நல்ல காற்றோட்டமும் அதற்கும் கட்டாயம்.

பிசுக்கு போன பிறகுதான் பிஸ்டன் தலையில் படிந்த கரி கண்ணில் படும். வெந்து இறுகிய அந்தக் கார்பனை பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒன்றும் செய்யாது. உடனே சிலர் காஸ்டிக் சோடாவைத் தேடுவார்கள். என் கணக்கில் பெட்ரோலைவிடப் பெரிய வினை இதுதான்.

இரும்பை காஸ்டிக் அவ்வளவாகத் தொடாது. ஆனால் எல்லோரும் ‘காஸ்ட் அயர்ன் இன்ஜின்’ என்று சொல்லும் அந்தப் பழைய புல்லட்டில் வார்ப்பிரும்பு என்பது சிலிண்டர் பேரல்தான். ஹெட், பிஸ்டன், கிராங்க் கேஸ் எல்லாம் அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் கவசமாக இருக்கும். காஸ்டிக் முதலில் அதைக் கரைக்கும். பிறகு உலோகத்தையே தின்னும். கரைசல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு கழல்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பொங்குவது ஹைட்ரஜன். வெறும் 27 கிராம் அலுமினியம் கரைந்தாலே 30 லிட்டருக்கு மேல் அந்த வாயு வெளியாகும். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் போதும். தெறிக்கும் துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அலுமினியத்துக்கு ஏற்ற டிடர்ஜென்ட்டைக் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, மர அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் கரியை எடுப்பதே மேல். வசதியுள்ள பட்டறைகளில் அல்ட்ராசானிக் தொட்டி உண்டு. நொடிக்கு 40 ஆயிரம் அதிர்வுகளில் நீருக்குள் நுண்குமிழ்கள் உருவாகி உடையும். அந்த அடி பிரஷ் நுழையாத கார்புரேட்டர் ஜெட்டின் துளைக்குள்ளும் போய் அழுக்கைப் பெயர்க்கும்.

எப்படி எடுத்தாலும் கரியை ஈரமாகவே சுரண்டுங்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் முழுமையாக நின்றது. அதற்கு முன் ஓடிய இன்ஜினின் கரியில் ஈயச் சேர்மங்கள் இருக்கும்; வயர் பிரஷ் போட்டால் தூளாகி நுரையீரலுக்குப் போகும். பழைய ஹெட் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அதையும் நனைத்துத்தான் உரிக்க வேண்டும். குளோரின் சேர்ந்த கிளீனர் ஸ்பிரே அடித்த பாகத்தை, ஈரம் காய்வதற்குள் வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே விஷவாயு.

பலர் தவறவிடும் இடம் கடைசிக் கழுவல். போர் போட்டு ஹோனிங் முடித்த சிலிண்டரைப் பெட்ரோலில் முக்கி எடுத்தால் எண்ணெய் போகும்; தேய்ப்புக் கல்லின் பொடி, அந்தக் கல் போட்ட கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். அதைத் தூக்கி வெளியே கொண்டுவர சுடுநீரும் சோப்பும்தான் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் ஏறினால் இன்னொரு முறை கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வந்ததும் துளியும் தாமதிக்காமல் இன்ஜின் ஆயில் தடவிவிடுங்கள். கழுவிய வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும்.